குழந்தையின் இதயத்துக்கும் அம்மாவின் சோற்றுக்கும் என்ன தொடர்பு? குன்னூரில் விடை தேடிய ராபர்ட் மெக்கரிசன்

பிறந்து மூன்று மாதம் ஆன குழந்தை. தாய்ப்பால்தான் முழு ஆகாரம். நேற்று வரை கொழுகொழுவென்று இருந்தது. இன்று பால் குடிக்க மறுக்கிறது. அழுகிறது, ஆனால் சத்தம் வரவில்லை. மூச்சு இரைக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது. சில மணி நேரத்தில் இதயம் நின்றுவிடுகிறது. பழைய சென்னை மாகாணத்தின் வடக்குக் கடலோர மாவட்டங்களில் ஒரு காலத்தில் இப்படி இறந்த குழந்தைகள் ஏராளம். இத்தனைக்கும் அந்த இதயத்தில் ஓட்டை கிடையாது, வால்வில் அடைப்பு கிடையாது. அதற்குக் கிடைக்காமல் போனது அம்மாவின் சாப்பாட்டில் இருந்திருக்க வேண்டிய ஒரு துளி சத்து.

அந்தச் சத்தைத் தேடும் வேலை இந்தியாவில் முறையாகத் தொடங்கிய இடம் நீலகிரியில் இருக்கும் குன்னூர். தொடங்கியவர் அயர்லாந்தில் பிறந்த ராணுவ மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன். குழந்தை பிறக்கும்போதே வரும் குறைக்கும், தாய் சாப்பிடும் உணவுக்கும், குடிக்கும் தண்ணீருக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வியோடு இந்தியாவில் 34 ஆண்டுகள் கழித்தவர். சில இடங்களில் சரியாகச் சொன்னார், சில இடங்களில் சறுக்கினார். இரண்டையும் தெரிந்துகொள்வது இன்றைய பெற்றோருக்கும் உதவும்.

முதலில் ஒரு தெளிவு: எது பிறவி இதயக் குறைபாடு?

கரு உருவாகி சுமார் 22 நாளிலேயே இதயம் துடிக்க ஆரம்பித்துவிடும். அப்போது அது வெறும் ஒரு குழாய். அந்தக் குழாய் வளைந்து, மடங்கி, நடுவில் சுவர் எழும்பி, எட்டாவது வாரத்துக்குள் நான்கு அறைகளாகிவிடும். பல பெண்களுக்கு கர்ப்பம் உறுதியாகும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். இந்தக் கட்டுமானத்தில் ஏதாவது ஒரு இடத்தில் பிசகு வந்தால் அதுதான் பிறவி இதயக் குறைபாடு. அறைகளுக்கு நடுவே ஓட்டை, குறுகிய ரத்தக் குழாய், சரியாக மூடாத வால்வு, இடம் மாறிய தமனிகள் என்று பல வகை. உலக அளவில் ஆயிரம் குழந்தைகளில் சுமார் 8 முதல் 9 பேருக்கு இது இருக்கிறது.

மேலே சொன்ன மூன்று மாதக் குழந்தையின் கதை வேறு. அதன் இதயம் சரியாகத்தான் கட்டப்பட்டது. கட்டிய வீட்டுக்கு மின்சாரம் வரவில்லை, அவ்வளவுதான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி தெரியும்: மூச்சிரைப்பு, நீலம், பால் குடிக்க முடியாமை. சிகிச்சை மட்டும் தலைகீழ். ஒன்றுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படலாம், இன்னொன்றுக்கு ஒரு வைட்டமின் ஊசி போதும். இந்த வித்தியாசம் புரிந்த இன்றைய நிலைக்கு வந்து சேர்ந்த பாதையில் குன்னூர் ஒரு முக்கியமான நிறுத்தம்.

யார் இந்த மெக்கரிசன்?

1878-ல் இன்றைய வட அயர்லாந்தில் உள்ள போர்ட்டடவுன் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் படித்து 1900-ல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். அப்போது வயது 23.

முதல் பணியிடம் சித்ரால். இன்று பாகிஸ்தானின் வடமேற்கு மூலையில், ஆப்கன் எல்லையை ஒட்டிய மலைப்பகுதி. கோடை வந்தால் சிப்பாய்கள் மூன்று நாள் கடும் காய்ச்சலில் விழுவார்கள், பிறகு தானாக எழுந்துவிடுவார்கள். எல்லோரும் மலேரியா என்று நினைத்தார்கள். மெக்கரிசன் இது வேறு காய்ச்சல், மணல் ஈ என்ற சின்னப் பூச்சிதான் காரணமாக இருக்க வேண்டும் என்று சொன்னார். அது பிறகு சரியென்று நிரூபணமானது. ஒரு நோயை அது இருக்கும் ஊரோடு, தண்ணீரோடு, பூச்சியோடு, உணவோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கேயே வந்துவிட்டது.

அடுத்து கில்கிட். அங்கேதான் குழந்தைகள் பற்றிய கேள்வி அவர் முன் வந்து நின்றது.

கில்கிட்டின் தண்ணீரும் பேசாத குழந்தைகளும்

கில்கிட்டில் நிறையப் பேருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. தைராய்டு சுரப்பி பெருத்து வரும் முன்கழுத்துக் கழலை. அதைவிடக் கொடுமை, சில குடும்பங்களில் பிறந்த குழந்தைகள். காது கேட்காது, பேச்சு வராது, நடை தடுமாறும், உயரம் ஏறாது, அறிவு வளர்ச்சி நின்றுவிடும். கிரிட்டினிசம் என்று மருத்துவர்கள் அழைத்த நிலை இது. சித்ரால், கில்கிட் பள்ளத்தாக்குகளில் இப்படிப்பட்ட 203 பேரை மெக்கரிசன் பரிசோதித்து 1908-ல் கட்டுரை வெளியிட்டார். அவர்களில் இரண்டு வகை உண்டு என்று பிரித்தும் காட்டினார்: நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டவர்கள் ஒரு வகை, தைராய்டு சுரப்பு குறைந்து உடல் வீங்கிக் குள்ளமானவர்கள் இன்னொரு வகை. இந்தப் பிரிவினை இன்றும் மருத்துவப் பாடநூல்களில் இருக்கிறது.

அவர் கவனித்த இன்னொரு விஷயம்தான் முக்கியம். இந்தக் குழந்தைகளின் தாய்மார்கள் பெரும்பாலும் கழலை உள்ளவர்கள். அப்படியென்றால் குறை குழந்தையிடம் ஆரம்பிக்கவில்லை. வயிற்றில் இருக்கும்போதே அம்மாவின் உடலில் ஏதோ ஒன்று போதாமல் போயிருக்கிறது.

அந்த ஏதோ ஒன்று என்ன? ஒரே வாய்க்கால் கரையில் கிராமங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேல் கிராமத்தின் கழிவு கலந்த தண்ணீரைக் கீழ் கிராமம் குடித்தது. கீழே போகப் போகக் கழலையும் கூடியது. மெக்கரிசன் சும்மா கணக்கெடுத்துவிட்டு நிற்கவில்லை. அந்தத் தண்ணீரை வடிகட்டி, அடியில் தங்கிய வண்டலைக் கலந்து தானே குடித்தார், முன்வந்த சிலரையும் குடிக்க வைத்தார். சில வாரங்களில் அவர் கழுத்தும் வீங்கியது. கொதிக்க வைத்த வண்டலைக் குடித்தவர்களுக்கு வீங்கவில்லை. எனவே கிருமிதான் காரணம் என்ற முடிவுக்கு வந்தார்.

அது முழு விடை இல்லை. மலை மண்ணில் அயோடின் குறைவதுதான் அடிப்படைக் காரணம் என்பது பிறகு உறுதியானது. ஆனால் பிறவிக் குறைக்கு விதி, ரத்தம், பாவம் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், தாய்க்குக் கிடைக்கும் தண்ணீரையும் சத்தையும் பார்க்கச் சொன்னது பெரிய திருப்பம். இதயத்தோடும் இதற்குத் தொடர்பு உண்டு. பிறவியிலேயே தைராய்டு சுரப்பு குறைந்த குழந்தைகளுக்கு இதயக் குறைபாடும் சேர்ந்திருக்கும் வாய்ப்பு மற்ற குழந்தைகளைவிட அதிகம் என்று இன்று தெரியும். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தச் சொட்டு எடுத்து தைராய்டு பரிசோதனை செய்வது சும்மா சடங்குக்கு அல்ல.

ஏன் குன்னூர்?

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில் 1899-லேயே குன்னூருக்கு வந்துவிட்டது. 1907-ல் வெறிநாய்க்கடிக்கு மருந்து தயாரிக்கும் பாஸ்டர் நிலையம் சிம்ஸ் பூங்கா பக்கத்தில் திறக்கப்பட்டது. சமவெளி வெயிலில் ஆய்வக விலங்குகளைப் பராமரிப்பது கஷ்டம். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் குளுகுளு காற்று, தடையில்லாமல் வேலை செய்ய ஏற்ற ஊர்.

முதல் உலகப் போர் முடியும் ஆண்டான 1918-ல், இந்தப் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஒரு அறையில் மெக்கரிசன் பெரிபெரி நோய் ஆய்வைத் தொடங்கினார். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தொடக்கம் அந்த ஒற்றை அறைதான்.

பெரிபெரி என்ற பெயர் சிங்களத்திலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். கால் மரத்துப்போகும், நடக்க முடியாது. இன்னொரு வகையில் உடல் முழுக்க நீர் கோத்துக்கொள்ளும், இதயம் பெருக்கும், கடைசியில் செயலிழக்கும். டச்சு மருத்துவர் எய்க்மன் 1890-களில் ஜாவாவில், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு இதுபோன்ற நோய் வந்ததையும், தவிடு கொடுத்தால் குணமானதையும் பார்த்திருந்தார். 1912-ல் கேசிமிர் ஃபங்க் இப்படிப்பட்ட சத்துகளுக்கு வைட்டமின் என்ற பெயரை உருவாக்கினார். ஆனாலும் வைட்டமின் குறைந்தால் உடலுக்குள் உறுப்பு உறுப்பாக என்ன நடக்கிறது என்பது தெளிவாகவில்லை. மெக்கரிசன் கையில் எடுத்தது அதைத்தான்.

புறாவின் இதயம் சொன்ன செய்தி

குன்னூரில் புறாக்களுக்குத் தீட்டிய அரிசி மட்டும் போட்டார். குரங்குகளுக்கும் கினிப் பன்றிகளுக்கும் சத்துக் குறைந்த உணவு கொடுத்தார். நோய் வந்ததா என்று பார்த்ததோடு விடாமல், இறந்த விலங்கின் குடல், இதயம், சுரப்பிகள் எல்லாவற்றையும் எடை போட்டு, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். சில புறாக்களில் நரம்பு கெட்டிருந்தது, சிலவற்றில் இதயம் பெருத்திருந்தது. 1921-ல் வெளியான சத்துக் குறைபாட்டு நோய்கள் பற்றிய அவரது நூல் இந்த உழைப்பின் பலன்.

அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்திய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சத்து அடியோடு இல்லாமல் போவது அரிது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதுதான் ஊர் உலகத்தில் நடப்பது. அப்படிக் குறையும்போது ஆள் நோயாளி போலத் தெரியமாட்டார். எழுந்து நடப்பார், வேலைக்குப் போவார். உள்ளே உறுப்புகள் தேய்ந்துகொண்டிருக்கும். பெரிபெரி குழந்தைகளின் மரணத்தை விளக்கும் சாவியும் இதுதான். அம்மா நன்றாக இருப்பது போலத் தெரிந்தார், பாலில் மட்டும் சத்து இல்லை.

வேதியியல் இப்போது தெளிவு. தவிட்டில் இருக்கும் அந்தச் சத்து வைட்டமின் பி1, அதாவது தயமின். சர்க்கரையை எரித்து ஆற்றலாக்க உடலுக்கு அது கட்டாயம் வேண்டும். ஓய்வே இல்லாமல் துடிக்கும் இதயத் தசைக்கு ஆற்றல் தேவை மிக அதிகம். உடலில் தயமினைச் சேமித்து வைக்கும் வசதியும் குறைவு. சில வாரம் வரவு நின்றாலே கையிருப்பு காலி.

ஆந்திரக் கரையில் நோய், தமிழ்நாட்டில் ஏன் இல்லை?

மெக்கரிசனும் அவரது சகாவான நோரிஸும் 1924-ல் இந்தியாவில் அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு புதிர் அதில் இருந்தது. சென்னை மாகாணம் முழுக்க அரிசிச் சோறுதான். ஆனால் பெரிபெரி அதிகம் தாக்கியது விசாகப்பட்டினம், கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர், நெல்லூர் பக்கத்துத் தெலுங்குக் கடலோரத்தை. தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன.

காரணம் நம் பாட்டிமார்களின் அண்டாவில் இருந்தது. வடக்கே மில்லில் தீட்டிய பச்சரிசி. தெற்கே புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் தண்ணீரோடு சேர்ந்து அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் மில்லில் தீட்டினாலும் ஒரு பங்கு உள்ளேயே தங்கும். பச்சரிசியில் தவிடு போனால் சத்தும் போனது. குன்னூர் ஆய்வகம் பின்னாளில் இதை எண்களோடு விரிவாக நிறுவியது. அரிசியைப் பலமுறை கழுவிக் கொட்டுவதும், வடித்த கஞ்சியை வீணாக்குவதும் மிச்சமிருக்கும் சத்தையும் கொண்டுபோய்விடும் என்பதும் அப்போது கிடைத்த பாடங்களே.

எலிகளுக்கு இந்தியச் சாப்பாடு

1923-ல் அரசு செலவுக் குறைப்பு என்று சொல்லி ஆய்வை நிறுத்தியது. 1925-ல் மறுபடி உயிர் வந்தது. 1928-ல் அது ஊட்டச்சத்து ஆய்வகம் என்ற பெயரில் முழு நிறுவனமாக, மெக்கரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

அதன்பிறகு செய்த சோதனைகள்தான் அவரை உலகப் புகழ் பெறச் செய்தன. ஒரே வகை வெள்ளெலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவைக் கொடுத்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காய்கறி, வாரம் ஒருமுறை இறைச்சி என்ற பஞ்சாபிச் சீக்கியர் உணவு சாப்பிட்ட எலிகள் எடையிலும் ஆரோக்கியத்திலும் முதலிடம். வரிசையில் கடைசி இடம் யாருக்கு? மெட்ராஸ் ஏழைகளின் அரிசிச் சாப்பாட்டுக்கு. தீட்டிய அரிசி நிறைய, பருப்பும் காயும் பெயருக்கு, பால் அநேகமாக இல்லை.

நல்ல உணவில் வளர்ந்த ஆய்வக எலிக் கூட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கவனித்தபோது, நோய் இல்லை, விபத்துகள் தவிர குட்டிகளின் மரணமும் இல்லை. தாய் எலிக்கு நல்ல சாப்பாடு கிடைத்தால் குட்டிகள் பிழைக்கின்றன என்பதே இதன் எளிய அர்த்தம்.

ஆங்கிலேயர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. அந்நாட்டு ஏழைகளின் வெள்ளை ரொட்டி, மார்கரின், ஜாம், சர்க்கரை போட்ட டீ, டின் இறைச்சி, வேகவைத்த காய்கறி என்ற உணவை ஒரு எலிக் குழுவுக்குக் கொடுத்தார். அவை நோஞ்சானாயின, பராமரிப்பவர்களைக் கடித்தன, ஒரு கட்டத்தில் பலவீனமானவற்றைக் கொன்று தின்னத் தொடங்கின. ரொட்டி, ஜாம், டீயோடு காலைப் பொழுதைக் கடத்துபவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பன்றிக்குட்டியின் கண், எலிக்குட்டியின் இதயம்

தாயின் உணவால் இதயத்தின் அமைப்பே மாறுமா? இதற்கு நேரடி விடை குன்னூரிலிருந்து வரவில்லை, அமெரிக்காவிலிருந்து வந்தது. 1933-ல் டெக்சாஸில் ஃப்ரெட் ஹேல் என்ற ஆய்வாளர், வைட்டமின் ஏ இல்லாத உணவு கொடுத்த தாய்ப் பன்றிக்குக் கண்ணே இல்லாத குட்டிகள் பிறந்ததைக் காட்டினார். சின்சினாட்டியில் ஜோசப் வார்க்கனி என்ற குழந்தை மருத்துவர் இதே வழியில் எலிகளை ஆராய்ந்தார். வியன்னாவில் பிறந்த அவருக்கு ஆல்ப்ஸ் மலைப்பகுதியின் கிரிட்டினிசம் தெரியும். கில்கிட்டில் மெக்கரிசனை உலுக்கிய அதே நோய். 1949-ல் வில்சனும் வார்க்கனியும் வெளியிட்ட ஆய்வில், வைட்டமின் ஏ குறைந்த தாய் எலிகளின் குட்டிகளுக்கு இதயத்திலும் பெருந்தமனி வளைவிலும் பிறவிக் குறைபாடுகள் இருந்தன.

அதுவரை பிறவிக் குறை முழுக்கப் பரம்பரை என்றே பலர் நம்பினார்கள். கருவில் இருக்கும் சூழலும் காரணமாகலாம் என்ற கதவு இப்படித்தான் திறந்தது. இதைப் படித்துவிட்டு வைட்டமின் ஏ மாத்திரையை அள்ளிப் போட்டுக்கொள்ளக் கூடாது. கர்ப்பத்தில் அது அளவுக்கு மிஞ்சினாலும் கருவைப் பாதிக்கும்.

குன்னூர் கணக்கில் வந்த குழந்தைகள்

மெக்கரிசன் 1933-ல் சர் பட்டம் பெற்று, 1935-ல் மேஜர் ஜெனரலாக ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அவர் இடத்துக்கு வந்த வாலஸ் அய்க்ராய்ட் எலியிலிருந்து மனிதர்களின் வீட்டுக் கணக்குக்கு நகர்ந்தார். இந்திய உணவுகளில் என்னென்ன சத்து எவ்வளவு என்ற அட்டவணை 1937-ல் குன்னூரிலிருந்துதான் வெளிவந்தது. இன்றைய டயட் செயலிகளில் இட்லிக்கும் கேழ்வரகுக்கும் காட்டும் எண்களுக்கு அதுவே முன்னோடி.

1941-ல் அய்க்ராய்டும் பி.ஜி. கிருஷ்ணனும், சென்னை மாகாணத்தின் பெரிபெரி பகுதிகளில் குழந்தை இறப்பைத் தனியாக ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். பச்சரிசி மில்லும் பச்சிளங்குழந்தையின் சாவும் ஒரே தாளில் வந்தன.

மருந்தும் அதற்குள் கையில் வந்திருந்தது. தயமினைச் செயற்கையாகத் தயாரிக்கும் முறையை 1936-ல் கண்டுபிடித்தவர் அமெரிக்க வேதியியலாளர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? பெரிபெரி தாக்கிய அதே கடலோரத்தில், நெல்லூரில், ஒரு மிஷனரிக் குடும்பத்தில். சாகக் கிடந்த குழந்தைக்குத் தயமின் ஊசி போட்டால் சில மணி நேரத்தில் மூச்சு சீராவதை மருத்துவர்கள் கண்ணால் பார்த்தார்கள்.

மெக்கரிசன் எங்கே சறுக்கினார்?

கழலைக்குக் கிருமியே முக்கியக் காரணம் என்று நீண்ட காலம் நம்பியது ஒன்று. அயோடினின் பங்கை மறுக்கவில்லை, ஆனால் அதற்குரிய இடத்தைக் கொடுக்கத் தாமதித்தார். இந்தக் கணக்கை நேர் செய்தவர் அதே குன்னூர் ஆய்வகத்தில் பணியாற்றிய வி. ராமலிங்கசுவாமி என்பது சுவாரசியம். 1950-களில் இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் அவர் குழு தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் சேர்த்தால் கழலை குறையும் என்று காட்டியது. 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று கடையில் வாங்கும் அயோடின் உப்பு பாக்கெட் அந்த வழியில் வந்ததுதான்.

இரண்டாவது, ஹுன்சா. கில்கிட்டுக்கு அப்பால் வாழும் ஹுன்சா மக்களின் திடகாத்திரத்தைப் பற்றி அவர் சொற்பொழிவுகளில் வியந்து பேசினார். பின்னால் வந்தவர்கள் அதை ஊதிப் பெருக்கி, 120 வயது வாழும் மனிதர்கள், புற்றுநோயே வராத ஊர் என்று கதை கட்டினார்கள். வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றும் அந்தச் செய்திகளுக்கு மருத்துவ ஆதாரம் இல்லை.

மூன்றாவது, அவர் காலத்தின் காலனியப் பார்வை. எந்த இனம் வீரமானது, எந்த இனம் சோப்ளாங்கி என்று ஆங்கிலேய ராணுவம் போட்டு வைத்திருந்த பட்டியலை அவரும் பயன்படுத்தினார். ஒரு வித்தியாசம், அதற்குக் காரணம் பிறப்பல்ல, சாப்பாடு என்றார். மெட்ராஸ்காரரின் தட்டில் பால் ஏன் இல்லை என்ற கேள்வி கூலி, நிலம், வரி பற்றியது. அந்த அளவுக்கு அவரது எலிக் கூண்டு நீளவில்லை. எலிக்குப் பொருந்துவது எல்லாம் மனிதனுக்கும் அப்படியே பொருந்தும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஓய்வுக்குப் பின் 1936-ல் லண்டனில் ஊட்டச்சத்தும் நாட்டு நலனும் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் பிரபலமாயின. 1960-ல் ஆக்ஸ்ஃபோர்டில், 82 வயதில் காலமானார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1958-ல், ஆய்வகம் குன்னூரிலிருந்து ஹைதராபாத்துக்கு இடம் மாறிவிட்டது. சேலத்தில் பிறந்து குன்னூரில் ஆய்வைத் தொடங்கிய சி. கோபாலன் அதை வளர்த்தெடுத்தார். 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் வந்தது. குன்னூரில் பாஸ்டர் நிலையம் இன்றும் தடுப்பூசிப் பணியில் இருக்கிறது.

இதெல்லாம் பழங்கதையா?

இல்லை. கடந்த சில ஆண்டுகளில் கடலோரக் கர்நாடகத்திலும் காஷ்மீரிலும் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் கைக்குழந்தைகள் திடீர் மூச்சுத்திணறலோடும் இதயச் செயலிழப்போடும் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். தயமின் கொடுத்ததும் மளமளவென்று தேறினார்கள். தாய்மார்களிடம் விசாரித்தால் கிடைத்த பதில் நமக்கும் பழக்கமானது: தீட்டிய அரிசிச் சோறு, பிரசவத்துக்குப் பிறகு கடும் பத்தியம். பருப்பு வாயு, காய் குளிர்ச்சி, கீரை வேண்டாம் என்று ஒவ்வொன்றாக விலக்கினால் மிச்சம் வெறும் சோறுதான். அதோடு வெற்றிலை பாக்கும், சாப்பாட்டோடு சாப்பாடாக அடிக்கடி குடிக்கும் கடும் டீயும் சேர்ந்தால், இருக்கும் கொஞ்சம் தயமினும் உடலில் சேர்வது தடைபடும்.

பால் கொடுக்கும் அம்மாவுக்குப் புழுங்கல் அல்லது கைக்குத்தல் அரிசி, கம்பு, கேழ்வரகு, பயறு, வேர்க்கடலை, முட்டை கிடைப்பது குழந்தையின் இதயத்துக்கும் சேர்த்துப் போடும் சாப்பாடு. பிரச்சினை தாய்ப்பாலில் இல்லை, தாய்க்கு மறுக்கப்படும் உணவில் இருக்கிறது. எனவே பாலை நிறுத்துவது தீர்வு ஆகாது.

ஓட்டையோடு பிறந்தால் அம்மா மேல் பழியா?

இந்த இடத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். தாயின் உணவு முக்கியம் என்று சொன்னதும், இதயத்தில் ஓட்டையோடு குழந்தை பிறந்தால் நீ என்ன தின்னாய் என்று அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்யும் வீடுகள் உண்டு. அது தவறு. பெரும்பாலான பிறவி இதயக் குறைபாடுகளுக்குக் குறிப்பிட்ட ஒரு காரணத்தைச் சுட்ட முடியாது. சிலவற்றில் மரபணு மாற்றம் இருக்கும். கர்ப்பத்தின் தொடக்கத்தில் ரூபெல்லா தொற்று, கட்டுப்படாத சர்க்கரை நோய், மது, சில வகை மருந்துகள் அபாயத்தைக் கூட்டுகின்றன. இவற்றில் தடுக்கக்கூடியவை உண்டு: கர்ப்பத்துக்கு முன்பே ரூபெல்லா தடுப்பூசி, சர்க்கரையையும் தைராய்டையும் கட்டுக்குள் வைப்பது, சாப்பிடும் மருந்துகளை மருத்துவரிடம் சொல்வது. எல்லாம் சரியாகச் செய்த தாய்க்கும் குறைபாடுள்ள குழந்தை பிறக்கலாம்.

கவனிக்க வேண்டியவை சில:

* பால் குடிக்கும்போது குழந்தைக்கு நெற்றியெல்லாம் வியர்ப்பது, விட்டு விட்டுக் குடிப்பது, மூச்சு வாங்குவது.
* உதடு, நாக்கு, நகம் நீலமாவது.
* எடை ஏறாமல் நிற்பது, அடிக்கடி சளி, நிமோனியா வருவது.
* அழுகைச் சத்தம் திடீரென்று கம்முவது அல்லது மறைவது.

இதில் எது இருந்தாலும் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். உதடு நீலமானாலோ, மூச்சுத் திணறினாலோ அது அவசரம். கர்ப்பத்தின் 18 முதல் 24 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் பல பெரிய குறைபாடுகள் தெரிந்துவிடும். பிறந்த ஓரிரு நாளில் கையிலும் காலிலும் ஆக்ஸிஜன் அளவு பார்க்கும் சின்னக் கருவிப் பரிசோதனை இன்னும் சிலவற்றைப் பிடித்துவிடும். தொலைதூர எஸ்டேட்டில் இருந்தாலும் அங்கன்வாடி, பள்ளி வழியாக வரும் அரசு மருத்துவக் குழுவிடம் குழந்தையைக் காட்டலாம். தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் இதயக் குறைபாடு கண்டறியப்பட்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது.

குழந்தைக்கு என்ன குறை என்று கேட்கும் மருத்துவர் அம்மா என்ன சாப்பிட்டார் என்றும் விசாரிப்பது இன்று சாதாரணம். அந்தக் கேள்விக்கு அறிவியலில் இடம் கிடைக்க நூறு ஆண்டு ஆய்வு தேவைப்பட்டது. அது குற்றம் கண்டுபிடிக்கும் கேள்வியாக மாறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வீட்டில் இருப்பவர்களுக்கு. பத்தியம் என்ற பெயரில் அம்மாவின் தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்வதும் அவர்கள் வேலைதான்.